என்எஃப்எல் டிஃபென்ஸ் பிளேபுக்: ஆட்டக்காரர்கள் எங்கே தடுமாறுகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படுவது அமெரிக்கக் கால்பந்து; என்எஃப்எல் அதன் தொழில்முறை லீக். டிஃபென்ஸ் என்பது தடுக்கும் அணி, பிளேபுக் என்பது அது எப்படி நின்று எப்படி ஆட வேண்டும் என்று சொல்லும் பாடநூல். பக்கத்துக்கு 11 பேர். தாக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். தாக்குபவர்களுக்குத் தாங்கள் எங்கே ஓடப்போகிறோம் என்பது முன்பே தெரியும். தடுப்பவர்களுக்குத் தெரியாது. கீழே உள்ள கேள்விகள் பெரும்பாலும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து முளைப்பவை.

கோடிகளில் சம்பளம் வாங்கும் தொழில்முறை ஆட்டக்காரர்களே பிளேபுக்கில் திணறுகிறார்களா?

திணறுகிறார்கள். ஆனால் மனப்பாடம் செய்ய முடியாமல் திணறுபவர்கள் குறைவு. வகுப்பறையில் பலகையில் வரைந்து கேட்டால் அநேகமாக எல்லோரும் சரியான விடை சொல்லிவிடுவார்கள். மைதானத்தில் எதிரணி கடைசி நேரத்தில் ஒரு ரிசீவரை (வீசப்படும் பந்தைப் பிடிப்பவர்) இடம் மாற்றியதும், அதே விடை அரை நொடி தாமதமாக வருகிறது. அந்த அரை நொடியில் முழு வேகத்தில் ஓடும் ரிசீவர் நான்கைந்து யார்டு கடந்துவிடுவார்.

இரண்டாவது வகைத் திணறல் இன்னும் மோசமானது. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இருவரும் தத்தம் பாடத்தைச் சரியாகவே படித்திருப்பார்கள். ஆனால் ஒருவர் ஒரு விதியில் ஆடுவார், மற்றவர் வேறு விதியில் ஆடுவார். டிவியில் ஒரு ரிசீவர் ஆளே இல்லாத இடத்தில் தனியாகப் பந்தைப் பிடிப்பது தெரிந்தால், பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

அந்தப் பிளேபுக்கில் அப்படி என்னதான் இருக்கிறது?

சில நூறு பக்கங்கள். முன்பு தடித்த கோப்பாக இருந்தது. 2011-ல் டாம்பா பே புக்கனியர்ஸ் ஆட்டக்காரர்களுக்கு ஐபேடில் கொடுத்தது, பிறகு எல்லா அணிகளும் டேப்லெட்டுக்கு மாறின. முதல் பக்கங்களில் எண்களும் பெயர்களும் இருக்கும். எதிரணி லைன்மேன்களுக்கு (முன்வரிசையில் நிற்பவர்கள்) இடையிலுள்ள இடைவெளிகளுக்கு ஏ, பி, சி, டி என்று பெயர். முன்வரிசை ஆட்டக்காரர் எதிரே நிற்பவரின் நேர்முகத்தில் நிற்கிறாரா, வெளித்தோளிலா என்பதற்கு ஓர் எண். முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்களுக்குச் சாம், மைக், வில் என்று பெயர். ஸ்ட்ராங், மிடில், வீக் என்பவற்றின் முதல் ஒலி. நினைவில் நிற்பதற்கான பழைய உபாயம்.

அதன்பின் கவரேஜ்கள், அதாவது பந்து வீசப்பட்டால் யார் எங்கே காப்பது என்ற ஏற்பாடுகள். கவர் 2 என்றால் ஆழத்தில் (வெகு பின்னால்) இருவர், கவர் 3 என்றால் மூவர், கவர் 4 என்றால் நால்வர். இதுவரை யாருக்கும் சிரமமில்லை. பாரம் ஏறுவது 'செக்' என்று சொல்லப்படும் பகுதியில்: எதிரணி இப்படி நின்றால் அதை இதாக மாற்று, அப்படி நின்றால் வேறாக மாற்று என்ற நிபந்தனைகள். ஒரு கவரேஜுக்கு ஐந்து நிபந்தனைகள் என்றால், கற்க வேண்டியது ஒன்றல்ல, ஆறு.

ஓர் உத்தரவை எடுத்துப் பிரித்துக் காட்ட முடியுமா?

மூன்றாவது முயற்சி, 7 யார்டு பாக்கி. பயிற்சியாளர் நிக்கல் ஆள்வகையில் ஒரு ஸோன் பிளிட்ஸ் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிளிட்ஸ் என்றால் வழக்கமான நால்வருக்கு மேல் ஆள் அனுப்பிப் பாய்வது; ஸோன் என்றால் மற்றவர்கள் ஆளை அல்ல, ஒரு பகுதியைக் காப்பது. நிக்கல் என்றால் முன்வரிசையில் 4 பேர், லைன்பேக்கர்கள் 2 பேர், பின்வரிசையில் 5 பேர். வில்லும் ஐந்தாவது பின்வரிசைக்காரரும் பந்தை வீசும் குவார்ட்டர்பேக் மீது பாய்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில் முன்வரிசையின் ஓரத்தில் நிற்கும் டிஃபென்சிவ் எண்ட் பாய்வதுபோல் காட்டிவிட்டுப் பின்வாங்குகிறார். பாய்பவர்கள் 5, பின்னால் 6. அந்த ஆறில் கோட்டோரம் காக்கும் இரு கார்னர்களும், எல்லோருக்கும் பின்னால் நிற்கும் சேஃப்டிகளில் ஒருவரும் ஆழத்தை மூன்றாகப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். மைக், பின்வாங்கிய எண்ட், கீழிறங்கும் இன்னொரு சேஃப்டி ஆகிய மூவருக்கும் நடுப்பகுதி.

இனி நிபந்தனைகள். எதிரணி மூன்று ரிசீவர்களை ஒரே பக்கத்தில் நிறுத்துகிறது. அது எண்ட் பின்வாங்க வேண்டிய பக்கமாகவே இருக்கிறது. 120 கிலோ உடம்போடு அவர் உள்ளே நிற்கும் வேகமான ஸ்லாட் ரிசீவரைத் தொடர வேண்டிவரும். ஆகவே பிளிட்ஸைப் பக்கம் மாற்ற வேண்டும், அல்லது பாதுகாப்பான வேறு கவரேஜுக்குப் போக வேண்டும். பின்னால் ரன்னிங் பேக்கே (பந்தைச் சுமந்து ஓடுபவர்) இல்லாமல் ஐந்து ரிசீவர்கள் விரிந்து நின்றால், பிளிட்ஸ் போய்ச் சேருமுன் பந்து கையைவிட்டுப் போய்விடும். அதற்கும் ஒரு மாற்று வேண்டும். ரிசீவர் ஒருவர் குறுக்காக ஓடிப் பக்கம் மாறினால், சேஃப்டிகள் இருவரும் வேலையைப் பரிமாறிக்கொள்ள வேண்டுமா, லைன்பேக்கர்கள் ஓரடி நகர்ந்தால் போதுமா? அதற்கும் விதி உண்டு. முதல் வழிக்கு 'ராக்', இரண்டாவதற்கு 'பம்ப்' என்று கூவுவார்கள். ஒரு சேஃப்டி ராக் என்று நினைத்துக் கீழே வர, மற்றவர் பம்ப் என்று நினைத்து இருந்த இடத்திலேயே நிற்க, ஆழத்தின் நடுப்பகுதி காலி.

இதையெல்லாம் செய்ய எவ்வளவு நேரம் கிடைக்கிறது?

முந்தைய முயற்சி முடிந்ததிலிருந்து 40 நொடி. அதுவும் முழுதாக டிஃபென்ஸுக்குக் கிடைப்பதில்லை. பயிற்சியாளர் உத்தரவை ரேடியோ வழியாக ஒரே ஒரு ஆட்டக்காரரின் ஹெல்மெட்டுக்குச் சொல்வார். பின்புறம் பச்சைப் புள்ளி ஒட்டிய ஹெல்மெட் அது. பெரும்பாலும் மைக் லைன்பேக்கர், சில அணிகளில் சேஃப்டி. கடிகாரம் 15-ஐத் தொட்டதும் இணைப்பு துண்டிக்கப்படும். எதிரணி ஹடிலிலிருந்து (கூடி நின்று பேசுவது) கலைந்து வந்து வரிசையில் நிற்பது பல சமயம் ஏறத்தாழ அந்நேரத்தில்தான். அதாவது, எதிரணி எப்படி நிற்கிறது என்று தெரியவரும்போது பயிற்சியாளரின் குரல் போய்விட்டிருக்கும். எல்லா 'செக்'கும் ஆட்டக்காரர்களே தங்களுக்குள் பேசி முடிக்க வேண்டியவை.

பேசுவதும் எளிதல்ல. சொந்த மைதானத்தில் எதிரணி தாக்கும்போதுதான் ரசிகர்கள் காது கிழியக் கத்துவார்கள். அது குவார்ட்டர்பேக்கைத் தொந்தரவு செய்வதற்காக. ஆனால் நம் சேஃப்டி கத்துவதும் நம் கார்னருக்குக் கேட்காது. எனவே ஒவ்வொரு செக்குக்கும் ஒரு கைசாடை சேர்த்துக் கற்க வேண்டும்.

குவார்ட்டர்பேக்குக்கு ரேடியோ வந்தது 1994-ல். டிஃபென்ஸுக்கு 2008-ல்தான் கிடைத்தது; அதுவரை உத்தரவு ஓரத்திலிருந்து கைசாடையாகவே வந்தது. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் எதிரணிப் பயிற்சியாளர்களின் கைசாடைகளை வீடியோ எடுத்துச் சிக்கியது அதற்கு முந்தைய ஆண்டு, 2007-ல்.

மிக அதிகமாகக் குழப்பம் நடப்பது எந்த இடத்தில்?

எங்கள் பார்வையில், ஏறக்குறைய ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு கவரேஜ்களுக்கு இடையில். சாதாரணக் கவர் 4-ஐயும், 'பாம்ஸ்' என்று பல அணிகள் அழைக்கும் அதன் உறவுக்காரக் கவரேஜையும் பாருங்கள். இரண்டிலும் கார்னரும் சேஃப்டியும் அதே இடத்தில்தான் நிற்பார்கள். இருவருக்கும் எதிரே இரண்டு ரிசீவர்கள்: கோட்டோரம் நிற்பவர் முதலாமவர், உள்ளே நிற்பவர் இரண்டாமவர்.

சாதாரணக் கவர் 4-ல், முதலாமவர் ஆழமாக ஓடினால் அவர் கார்னரின் பொறுப்பு. இரண்டாமவர் ஆழமாக வந்தால் சேஃப்டி எடுத்துக்கொள்வார். அவர் சட்டென்று கோட்டோரம் திரும்பினால், சேஃப்டி முதலாமவரின் உட்பக்கத்துக்கு உதவிக்குப் போவார். பாம்ஸில், இரண்டாமவர் ஐந்து யார்டுக்குள் வெளியே திரும்பினால் கார்னர் அவர்மேல் பாய்வார், முதலாமவரை மேலிருந்து சேஃப்டி ஏற்றுக்கொள்வார்.

இப்போது கார்னர் பாம்ஸ் ஆடுகிறார், சேஃப்டி சாதாரணக் கவர் 4 ஆடுகிறார். இரண்டாமவர் வெளியே திரும்புகிறார். கார்னர் அவர்மேல் பாய்ந்துவிட்டார். சேஃப்டி உட்பக்கம் காத்து நிற்கிறார். முதலாமவர் கோட்டோரமாகத் தனியே ஓடுகிறார். பந்து காற்றில் இருக்கும்போதே இருவரும் ஒருவரை ஒருவர் கைநீட்டிக் காட்டிக்கொள்வார்கள்.

இதனால்தான் பக்கக் கணக்கை வைத்துப் பிளேபுக்கின் கடினத்தை அளக்கக் கூடாது. ஐம்பது பிளிட்ஸ்கள் இருந்தாலும், ஒவ்வொன்றும் 'நீ இங்கே போ' என்று ஒரே வரியில் முடிந்தால் ஆட்டக்காரர் சமாளிப்பார். பக்கத்து ஆள் என்ன நினைக்கிறார் என்பதைப் பொறுத்து என் வேலை மாறும் என்றால், நான்கு கவரேஜ்களே பாரம்தான்.

சிக்கலான பிளேபுக் ஓர் அணியை உண்மையிலேயே கெடுத்த உதாரணம் உண்டா?

அடிக்கடி சொல்லப்படுவது பஃபலோ பில்ஸ். 2014-ல் டிஃபென்ஸ் பயிற்சியாளர் ஜிம் ஷ்வார்ட்ஸின் கீழ், விட்டுக்கொடுத்த யார்டு கணக்கில் லீகில் நான்காம் இடம், 54 சாக் (குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவது). அவருடைய முறை நேரடியானது: நான்கு முன்வரிசைக்காரர்களும் முன்னோக்கிப் பாய வேண்டும், அவ்வளவுதான். 2015-ல் ரெக்ஸ் ரயன் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். முன்வரிசைக்காரர்கள் சில சமயம் பின்வாங்கிக் கவரேஜுக்கும் போக வேண்டியதாயிற்று. உத்தரவுகள் நீண்டன, மாற்றங்கள் கூடின. ஆட்டக்காரர்கள் ஊடகத்திடமே அதிருப்தியைச் சொன்னார்கள். அந்த ஆண்டு 19-ஆம் இடம், 21 சாக். முன்வரிசையின் மாரியோ வில்லியம்ஸ் ஒருவரின் சாக் கணக்கே 14.5-லிருந்து 5-ஆக விழுந்தது.

பழியை முழுவதும் பிளேபுக்கின் தலையில் கட்டுவது நியாயமில்லை. சேஃப்டி ஏரன் வில்லியம்ஸும் முன்வரிசையின் கைல் வில்லியம்ஸும் காயத்தால் பருவத்தின் பெரும்பகுதியை இழந்தார்கள். பின்வரிசையைப் பேசி ஒழுங்குபடுத்தும் ஆள் போனால் சிக்கலான முறைதான் முதலில் ஆட்டம் காணும்.

இதே ரெக்ஸ் ரயன் 2009-ல் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போன முதல் ஆண்டே, அந்த டிஃபென்ஸ் யார்டிலும் புள்ளியிலும் லீகில் முதலிடம் பிடித்தது. பால்டிமோரில் தன்னிடம் ஆடிய லைன்பேக்கர் பார்ட் ஸ்காட்டையும் சேஃப்டி ஜிம் லெனர்டையும் அவர் கூடவே கூட்டி வந்திருந்தார். அந்த மொழியை ஏற்கெனவே பேசத் தெரிந்த ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் இருந்தார்கள். பஃபலோவில் அந்த வசதி அமையவில்லை.

அப்படியானால் எளிமையான பிளேபுக்தான் நல்லதா?

சியாட்டில் சீஹாக்ஸைக் காட்டிப் பலர் அப்படித்தான் வாதிடுகிறார்கள். அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் பீட் கேரலின் டிஃபென்ஸ் பெரும்பாலும் கவர் 3-ம் கவர் 1-ம்தான். 2012 முதல் 2015 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் லீகிலேயே குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்த அணி அது. 2014 பிப்ரவரியில் சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் பேட்டன் மேனிங்கின் டென்வரை 43-8 என்று வீழ்த்தியது. எதிரே வருவது என்ன என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் முடியவில்லை.

ஆனால் அதற்கு ஆள் வேண்டும். ஆழத்தின் நடுப்பகுதி முழுவதையும் ஒற்றை ஆளாகக் காக்க ஏர்ல் தாமஸ் இருந்தார். ரிச்சர்ட் ஷெர்மன் தன் பக்கத்தைப் பூட்டி வைத்தார். அவர்கள் இல்லாத இடத்தில் அதே எளிய கவர் 3-ஐ நட்டு வைத்தால், நல்ல குவார்ட்டர்பேக் ஆழத்தில் நிற்கும் ஒற்றைச் சேஃப்டிக்கும் கார்னர்களுக்கும் நடுவிலுள்ள சந்தில் பந்தை அனுப்பிக்கொண்டே இருப்பார். எளிய பிளேபுக் ஆட்டக்காரருக்கு இளைப்பாறல் தருகிறது, எதிரணிக்கும் தருகிறது.

எதிரணிக்கு மட்டும் சிக்கலாகத் தெரிய வழியில்லையா?

இருக்கிறது, இப்போது பெரும்பாலான நல்ல கோஆர்டினேட்டர்கள் (டிஃபென்ஸை வகுக்கும் பயிற்சியாளர்கள்) தேடுவது அதைத்தான். அவர்களில் ஒருவரான விக் ஃபேஞ்சியோவின் முறையில் ஸ்னாப்புக்கு முன், அதாவது பந்து நகருமுன், எப்போதும் ஏறக்குறைய ஒரே காட்சி: இரண்டு சேஃப்டிகள் ஆழத்தில். பந்து நகர்ந்த பிறகே ஒருவர் இறங்குவார், அல்லது இருவரும் நிற்பார்கள். குவார்ட்டர்பேக் முன்கூட்டிப் படிக்க எதுவும் கிடைப்பதில்லை. நம் ஆட்டக்காரருக்கோ நிற்கும் இடம் மாறுவதே இல்லை. அதில் பாதிப் பாரம் குறைகிறது.

2024-ல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் இந்த முறையில் யார்டு கணக்கில் முதலிடம் பிடித்தது. பின்வரிசையில் குவின்யன் மிட்செல், கூப்பர் டிஜீன் இருவரும் முதலாண்டுக்காரர்கள். உள் லைன்பேக்கர் ஸாக் பான் அதற்கு முன் பெரும்பாலும் விளிம்பிலும் ஸ்பெஷல் டீமிலும் ஆடியவர். 2025 பிப்ரவரி 9-ல் சூப்பர் பௌலில் கேன்ஸஸ் சிட்டியை 40-22 என்று வென்றபோது ஒரு பிளிட்ஸ்கூட அனுப்பவில்லை. நான்கு பேர் பாய்ந்தே 6 சாக். டிஜீன் ஒரு பந்தைப் பறித்து 38 யார்டு ஓடி டச்டவுன் எடுத்தார். முதலாண்டுக்காரர்களால் சிக்கலான டிஃபென்ஸ் ஆட முடியாது என்பவர்கள் அந்த ஆட்டத்தை இன்னொரு முறை பார்க்கலாம்.

தடுமாறுபவர்களுக்குப் புத்திக்கூர்மை போதாது என்று சொல்லலாமா?

கூடாது. என்எஃப்எல் பல ஆண்டுகளாக வொண்டர்லிக் என்ற தேர்வை வைத்திருந்தது: 12 நிமிடத்தில் 50 கேள்வி. 2022-ல் அதைத் தேர்வு முகாமிலிருந்து கைவிட்டது. கணக்குப் போடும் வேகமும், நகரும் 22 பேரில் சரியானவர்மேல் கண்ணை வைக்கும் வேகமும் ஒன்றல்ல.

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் லைன்பேக்கர் ஜேம்ஸ் ஹாரிசன் தொடக்க ஆண்டுகளில் பலமுறை அணியிலிருந்து வெளியேற்றப்பட்டவர். 2008-ல் லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது அவருக்கே கிடைத்தது. 2009 பிப்ரவரி சூப்பர் பௌலில் முதல் பாதியின் கடைசி முயற்சியில் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை பாய்வது. பாய்வதுபோல் காட்டிவிட்டுப் பின்வாங்கி, கோல் கோட்டருகே எதிரணிக் குவார்ட்டர்பேக் கர்ட் வார்னரின் பந்தைப் பறித்து, 100 யார்டு ஓடினார். அணியின் டிஃபென்ஸ் பயிற்சியாளர் டிக் லெபோவின் ஸோன் பிளிட்ஸ் முறையில் எத்தனையோ எண்டுகளும் லைன்பேக்கர்களும் செய்யும் பின்வாங்கல்தான் அது. எங்கே மீறலாம் என்று தெரியுமளவுக்குப் பாடம் ஊறியிருந்தது.

வாரத்தில் இதை எப்படிக் கற்பிக்கிறார்கள்?

முழுப் பிளேபுக்கும் ஓர் ஆட்டத்துக்குப் போவதில்லை. அடுத்த எதிரணியைப் பார்த்து அதிலிருந்து ஒரு பகுதியைத் தேர்ந்தெடுப்பார்கள். ஞாயிறு ஆட்டம் என்றால் வழக்கமான வரிசை இது: புதன் முதலாம், இரண்டாம் முயற்சிகளுக்கு, வியாழன் மூன்றாம் முயற்சிக்கு, வெள்ளி கோலுக்கு அருகிலுள்ள 20 யார்டுக்கும் கோல் கோட்டுக்கும், சனி மெதுவாக நடந்து பார்த்தல். எதிரணி போல ஆட ஒரு மாற்று அணி, அட்டையில் வரைந்த படத்தைப் பார்த்து ஓடும்.

தவறு நடப்பது திட்டத்தின் வால்பகுதியில். வியாழன் மாலை கோஆர்டினேட்டருக்கு ஓர் அருமையான யோசனை தோன்றும். வெள்ளிக்கிழமை அதை இரண்டே முறை ஓடிப் பார்ப்பார்கள், அதுவும் சாதாரண அணிவகுப்புக்கு எதிராக. ஞாயிறன்று மூன்று ரிசீவர்கள் கொத்தாக நிற்பார்கள். விதி தாளில் இருக்கும், உடம்பில் இருக்காது.

ஆட்டக்காரர் சங்கத்துடனான 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு பயிற்சி நேரமும் சுருங்கியது. ஒரே நாளில் இரண்டு முழுப் பயிற்சிகள் கிடையாது. பருவம் முழுவதற்கும் பாதுகாப்புக் கவசத்தோடு 14 பயிற்சிகள் மட்டுமே. உடம்புக்கு நல்லது. ஆனால் பழைய பயிற்சியாளர்களின் கனத்த கோப்புகள் அதைவிட அதிகப் பயிற்சி கிடைத்த காலத்துக்கு எழுதப்பட்டவை.

ஒரு முறை தோற்றுப் பார்த்தது எவ்வளவு உதவும் என்பதற்குப் பேட்ரியாட்ஸ் கார்னர் மால்கம் பட்லர் சாட்சி. 2015 சூப்பர் பௌலுக்கு முந்தைய பயிற்சியில், சியாட்டிலின் கோல் கோட்டு உத்தி ஒன்றை மாற்று அணி ஓடியபோது அவர் தாமதித்து டச்டவுன் கொடுத்துவிட்டார். ஆட்டத்தில் அதே இரு ரிசீவர் அடுக்கைக் கண்டதும் தயங்காமல் பாய்ந்து பந்தைப் பறித்தார். பேட்ரியாட்ஸ் 28-24 வெற்றி.

கல்லூரியிலிருந்து வருபவர்களுக்கு எது புதிது?

சொற்கள்தான் முதல் இடறல். தெரிந்த கவரேஜே வேறு பெயரில் இருக்கும். பழைய அணியில் ஒரு பொருள் தந்த சொல் இங்கே வேறொன்றாக இருந்தால் இன்னும் கஷ்டம். மைதானமும் மாறுகிறது: ஒவ்வொரு முயற்சியும் தொடங்கும் இடத்தை வரம்பிடும் ஹாஷ் கோடுகளுக்கு இடையே கல்லூரியில் 40 அடி, என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் அகலப் பக்கம், குறுகிய பக்கம் என்று பிரித்து வைத்த விதிகள் இங்கே பெரிதாக உதவுவதில்லை.

பருவத்தின் நடுவே சேர்க்கப்பட்டவர் அந்த ஞாயிறே ஆடுகிறாரே, எப்படி?

அவருக்கு முழுப் பாடமும் கொடுப்பதில்லை. ஓர் இடம், ஓர் ஆள்வகை, விரல்விட்டு எண்ணக்கூடிய உத்தரவுகள். மணிக்கட்டுப் பட்டையில் சிறு அச்சுத் தாள். பக்கத்தில் நிற்கும் மூத்தவர் மீதியைச் சொல்வார். கார்னருக்கு இது ஓரளவு எளிது. 'இவனை விடாதே' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். சேஃப்டிக்கும் மைக்குக்கும் இந்தச் சலுகை கிடையாது, மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியவர்களே அவர்கள்தான்.

பிளேபுக் அளவு மீறிவிட்டது என்று பயிற்சியாளர் எப்படித் தெரிந்துகொள்வது?

வீடியோவில் கால்களைப் பார்க்க வேண்டும். ஸ்னாப் ஆன கணத்தில் லைன்பேக்கரின் பாதங்கள் தரையில் ஒட்டியிருந்தால் அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். ஸ்னாப்புக்கு முன் பின்வரிசையில் இருவர் உள்ளங்கை விரித்து 'என்ன?' என்று கேட்பது இரண்டாவது அறிகுறி. செக் சொல்லப்பட்ட முயற்சிகளில் மட்டும் பெரிய யார்டு போவது மூன்றாவது. கோளாறு உத்தரவிலா செக்கிலா என்று பிரித்துக் காட்டுவது இதுதான்.

குறைக்கும்போது கவரேஜ்களை நீக்குவதைவிடச் செக்குகளை ஒன்றாக்குவதே பலன் தரும். மூன்று ரிசீவர் அணிவகுப்புக்கு ஒவ்வொரு கவரேஜிலும் ஒரு விடை என்பதற்குப் பதிலாக, எந்த உத்தரவாக இருந்தாலும் ஒரே விடை. எதிரணி இரண்டு ஆட்டங்களில் அதைக் கண்டுபிடித்துவிடும் என்பது உண்மை. அப்போது அந்த ஒரு விடையை மட்டும் மாற்றினால் போதும்.

டிவியில் பார்க்கும்போது தவறு யாருடையது என்று சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியாது. ரிசீவருக்கு மிக அருகில் ஓடிவருபவர்மேல் வர்ணனையாளர் பழி போடுவார்; பல சமயம் அவர் தன் வேலையை முடித்துவிட்டு வேறொருவரின் ஓட்டையை அடைக்க ஓடி வந்தவராக இருப்பார். மறுஒளிபரப்பில் மேலிருந்து எடுத்த கோணம் காட்டினால், ஒரே ரிசீவருக்கு அருகே நம் ஆட்கள் இருவர் நிற்கிறார்களா என்று பாருங்கள். நின்றால், அந்த இருவரில் ஒருவர்தான் வேறு விதியில் ஆடியவர். அவர்களில் யார் என்பதைத் திங்கட்கிழமை வீடியோ அறையில் இருப்பவர்களால் மட்டுமே சொல்ல முடியும்.